எந்தத் தோட்டா, எத்தனை நாளைக்கொரு துடைப்பு? மக்கர் பண்ணாத பாயின்ட் டூ டூ பிஸ்டலுக்கு ஒரு கணக்கு

25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல் போட்டியில் கடைசித் தொடருக்கு 4 விநாடிதான். அதற்குள் இலக்குக்கு ஒன்றாக ஐந்து குண்டு போயாக வேண்டும். முதல் இரண்டு போய்விட்டது. மூன்றாவதற்கு டிரிகரை இழுத்தால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். என்ன நடந்தது என்று மூளைக்கு எட்டுவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது.

துப்பாக்கிக் கோளாறுக்குப் போட்டி விதிகளில் சலுகை உண்டு. ஆனால் சுடுபவர் முன்கூட்டியே சரிசெய்திருக்கக்கூடிய காரணம் என்று தெரிந்தால் அந்தச் சலுகை கிடையாது. அதுவுமில்லாமல், திரும்பச் சுட வாய்ப்புக் கிடைத்தாலும் அந்த 'டிக்' காதிலேயே இருக்கும். அடுத்த தொடர் முழுக்க டிரிகரைச் சந்தேகத்தோடுதான் இழுப்போம்.

இந்தச் சத்தம் ஏன் வந்தது என்று ரேஞ்சில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் தோட்டாவைத் திட்டுவார்கள். மீதிப் பேர் "கடைசியா எப்பத் துடைச்ச?" என்பார்கள். இரண்டு தரப்பும் பாதி சரி. முடிவெடுக்க வேண்டுமானால் கேள்வியை உடைத்துக்கொள்ள வேண்டும்: எவ்வளவு வேகமான தோட்டா, எந்தத் தரம், எதை எப்போது துடைப்பது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 40 கிரெயின் (சுமார் 2.6 கிராம்) எடை, மெழுகு பூசிய ஈயக் குண்டு, ஸ்டாண்டர்டு வெலாசிட்டி என்கிற சாதாரண வேகம், நடுத்தர ரகம். சேம்பரையும் (தோட்டா உட்காரும் அறை) போல்ட் முகத்தையும் (தோட்டாவைப் பின்னாலிருந்து முட்டி நிற்கும் பகுதி) ஒவ்வொரு முறையும் துடைப்பேன், பேரலை (குண்டு போகும் குழாய்) எப்போதாவதுதான். மாற்றுக் கருத்துகளில் நியாயம் இருக்கும் இடங்களையும் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். பெரிய தோட்டாக்களில் அடிப்பகுதியின் நடுவே பற்றவைப்பதற்கென்று தனியாக ஒரு பிரைமர் இருக்கும். நம் பாயின்ட் டூ டூ போன்ற ரிம்ஃபயர் தோட்டாவில் அது இல்லை. பித்தளைக் கூட்டின் அடியில் வெளியே புடைத்திருக்கிறதே ஒரு விளிம்பு, அதன் மடிப்புக்குள்தான் பற்றவைக்கும் மருந்து இருக்கிறது. ஈரமாக இருக்கும்போதே கூட்டைச் சுழற்றி, மருந்தை அந்த மடிப்புக்குள் ஏற்றுகிறார்கள். வட்டத்தில் ஏதாவது ஓர் ஓரத்தில் மருந்து சரியாகப் பரவாமல் விட்டுப்போய், ஃபயரிங் பின் (தோட்டாவைத் தட்டும் ஊசி) வந்து அதே ஓரத்தில் அடித்தால் 'டிக்'தான். .22 லாங் ரைஃபிள் தோட்டா வந்தது 1887-ல். இந்த அடிப்படை அமைப்பு இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. ஆகவே எவ்வளவு நல்ல ரகமாக இருந்தாலும், சுடாத தோட்டா எப்போதாவது ஒன்று வரத்தான் செய்யும். அதை எவ்வளவு அபூர்வமாக்க முடியும் என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

வேகம்: இங்கே பிஸ்டல் சொல்வதுதான் சட்டம்

ஸ்டாண்டர்டு வெலாசிட்டி தோட்டா என்றால் விநாடிக்குச் சுமார் 1,070 அடி, அதாவது 326 மீட்டர். ஹை வெலாசிட்டி என்றால் 1,200 அடிக்கு மேல். சிசிஐ நிறுவனத்தின் மினி-மேக் தோட்டா 1,235 அடி. இவையெல்லாம் நீளமான ரைஃபிள் பேரலில் அளந்த எண்கள். ஐந்து, ஆறு அங்குல பிஸ்டல் பேரலில் இரண்டுமே கணிசமாகக் குறையும்.

ஸ்டாண்டர்டு வெலாசிட்டிக்கு ஆதரவாக எல்லோரும் சொல்லும் காரணம், 'ஒலிவேகத்தைத் தாண்டித் திரும்பக் கீழே வரும்போது குண்டு தடுமாறும்' என்பது. 20 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். ரைஃபிள்காரர்களுக்கு இது முக்கியமான கவலை. பிஸ்டலில் ஹை வெலாசிட்டியே பெரும்பாலும் ஒலிவேகத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் வெளியே வருகிறது. போகும் தூரமும் 25 மீட்டர்தான். நமக்குப் பொருந்தாத காரணத்தை நாமும் வழிவழியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உண்மையான காரணம் போல்ட்டில் இருக்கிறது. இந்தப் பிஸ்டல்கள் அநேகமாக எல்லாமே ப்ளோபேக் வகை. போல்ட்டைப் பூட்டி வைக்கும் கொக்கி எதுவும் கிடையாது. போல்ட்டின் எடையும் ஸ்பிரிங்கும்தான் கூட்டைப் பிடித்து நிறுத்துகின்றன. குண்டு முன்னே போகும்போது கூடு பின்னால் உந்தப்பட்டு, போல்ட்டைத் தள்ளிக்கொண்டு வருகிறது. காலிக் கூட்டை வெளியே வீசுவது, அடுத்த தோட்டாவை எடுத்து ஏற்றுவது எல்லாம் இந்த ஒரு தள்ளலில் நடந்தாக வேண்டும். தள்ளல் குறைந்தால் காலிக் கூடு பாதி வழியில் மாட்டிக்கொண்டு புகைபோக்கி மாதிரி நிற்கும். கூடினால் போல்ட் பின்னால் போய் ஓங்கி அடிக்கும்; அடியைத் தாங்கும் பஃபர் நசுங்கும், ஸ்பிரிங் சீக்கிரம் தளரும்.

பார்டினி, வால்தர் ஜிஎஸ்பி மாதிரியான போட்டிப் பிஸ்டல்கள் ஸ்டாண்டர்டு வெலாசிட்டியின் தள்ளலுக்காகவே எடை போட்டுச் செய்தவை. அவற்றில் ஹை வெலாசிட்டி போட்டால் ஜாம் ஆகாமல்கூட ஓடலாம். அடி வாங்குவது மட்டும் உள்ளே தெரியாமல் நடந்துகொண்டிருக்கும். 1949 முதல் வரும் ரூகர் மார்க் வரிசையோ, பிரௌனிங் பக் மார்க்கோ வேறு ரகம். ஹை வெலாசிட்டியைத் தாராளமாகச் சாப்பிடும். அப்படிப்பட்ட பிஸ்டல் ஸ்டாண்டர்டு வெலாசிட்டியில் அடிக்கடி இழுபறியாக ஓடினால், ஹை வெலாசிட்டிக்குப் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: முதலில் சேம்பரைத் துடைத்துவிட்டு ஒரு முறை சுட்டுப் பாருங்கள். 'வலு இல்லாத தோட்டா' என்று பெயர் வாங்கியவற்றில் பல, உண்மையில் அழுக்குச் சேம்பருக்காகப் பழி சுமந்தவை.

இரண்டு கோடிகளையும் விட்டுவிடலாம். சத்தம் வராமல் இருப்பதற்கென்று மருந்தைக் குறைத்து வரும் தோட்டாக்கள் பிஸ்டலின் போல்ட்டை நகர்த்தவே திணறும். மறுகோடியில் சிசிஐ ஸ்டிங்கர் போன்ற அதிவேகத் தோட்டா. அதன் கூடு வழக்கமானதைவிட நீளம். போட்டிக்கென்று இறுக்கமாகச் செய்த மேட்ச் சேம்பருக்குள் அதைப் போடவே கூடாது.

தரம்: 50 மில்லிமீட்டர் பத்துக்கு எவ்வளவு துல்லியம் வேண்டும்?

இந்தக் கேள்வியில்தான் பலர் வீணாகச் செலவு செய்கிறார்கள். 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளி தரும் நடு வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். 25 மீட்டர் பிஸ்டலின் நிதானச் சுற்று இலக்கில் அது 50 மில்லிமீட்டர். ரேபிட் ஃபயர் இலக்கில் 100. ஈலி டெனெக்ஸ், லாபுவா சென்டர்-எக்ஸ் மாதிரியான உயர் ரகங்கள் எல்லாம் அந்த 10.4 மில்லிமீட்டருக்காகப் பிறந்தவை. பாதி தூரத்தில், ஐந்து மடங்கு அகலமான பத்தைச் சுடும் நமக்கு அந்தத் துல்லியத்தில் பெரும்பகுதி கை நடுக்கத்திலேயே கரைந்துபோகும்.

அப்படியானால் மேட்ச் தோட்டா வேண்டவே வேண்டாமா? அப்படியும் சொல்ல முடியாது. அதில் நமக்குப் பயன்படுவது துல்லியம் அல்ல, சீர்மை. விளிம்பின் தடிமன், மருந்தின் அளவு, பற்றவைக்கும் மருந்தின் பரவல் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஆகவே 'டிக்' வருவது குறையும். வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். டெனெக்ஸின் குண்டு முனை தட்டை. தோட்டாவைக் கையால் ஒவ்வொன்றாகப் போடும் ரைஃபிளுக்கு அதனால் தொந்தரவு இல்லை. மேகசினிலிருந்து (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) சரிவில் ஏறி வர வேண்டிய பிஸ்டலில் தட்டை முனை இடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதற்காகத்தான் உருண்டை முனையோடு 'பிஸ்டல்' என்று பெயரிட்ட தனி வகைகள் வருகின்றன: டெனெக்ஸ் பிஸ்டல், எஸ்கே பிஸ்டல் மேட்ச், லாபுவா பிஸ்டல் கிங். மேட்ச் ரகம்தான் வேண்டும் என்றால் இவற்றுக்குள் பார்ப்பது நல்லது.

மறுபக்கம், நூற்றுக்கணக்கில் ஒரே டப்பாவில் கொட்டி வரும் மொத்தத் தோட்டா. ஒரு கைப்பிடி அள்ளி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாலே கதை தெரிந்துவிடும். சிலவற்றில் ஈய முனை நசுங்கியிருக்கும். சிலவற்றில் குண்டைப் பிடித்துத் திருகினால் கூட்டுக்குள்ளேயே சுற்றும். இந்தத் தோட்டாவில் குண்டின் பின்பகுதி மட்டும்தான் மெலிந்து கூட்டுக்குள் செருகியிருக்கிறது; ஆட்டம் கொடுத்த குண்டு ஏறும் வழியில் இடித்தால் கழுத்து வளைந்துவிடும். தகரக் குவளைகளைச் சுட்டுத் தள்ளுவதற்கு இது போதும். பயிற்சிக்கு நான் சேர்ப்பதில்லை. பயிற்சியில் பத்து நிமிடத்துக்கொரு ஜாம் வந்தால், கோளாறு கையிலா துப்பாக்கியிலா என்று தெரியாமலே ஒரு மாலை போய்விடும்.

இரண்டுக்கும் நடுவில் சிசிஐ ஸ்டாண்டர்டு வெலாசிட்டி, எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ் மாதிரியானவை இருக்கின்றன. உருண்டை முனை, 40 கிரெயின், ஐம்பது ஐம்பதாக அடுக்கி வரும். ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 41 தோட்டா விஷயத்தில் கொஞ்சம் நாக்கு ருசி பார்க்கிற பிஸ்டல். அதை வைத்திருப்பவர்களே பெரும்பாலும் சிசிஐ ஸ்டாண்டர்டு வெலாசிட்டியில்தான் போய் நிற்கிறார்கள்.

தாமிர முலாம் பூசிய குண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கையில் ஒட்டாது, சரிவில் வழுக்கி ஏறும், மெழுகுப் பிசுக்கு குறைவு. ஆனால் அது பெரும்பாலும் ஹை வெலாசிட்டியில்தான் வருகிறது. உங்கள் பிஸ்டலுக்கு ஹை வெலாசிட்டி ஒத்துவரும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

'ஒரு டப்பா சுட்டுப் பார்த்தேன், நல்லா ஓடுது'

இந்த வாக்கியத்தை நான் நம்புவதை விட்டுவிட்டேன். காரணம் எளிய கணக்கு. 50 தோட்டா ஒரு கோளாறும் இல்லாமல் ஓடினால் அதிலிருந்து உறுதியாகச் சொல்ல முடிவது, 'கோளாறு விகிதம் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறைத் தாண்டாது' என்பது மட்டும்தான். நூற்றுக்கு ஆறு என்றால் 60 குண்டுப் போட்டியில் மூன்று, நான்கு முறை நிற்கலாம்! 'நூற்றுக்கு ஒன்றைத் தாண்டாது' என்று அதே உறுதியோடு சொல்ல 300 தோட்டா சுத்தமாக ஓட வேண்டும். மூன்றை, சுட்ட எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் இந்த வரம்பு. புள்ளியியல்காரர்களின் பழைய குறுக்குவழி.

நூற்றுக்கு ஒன்று என்பதையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த விகிதத்தில் 60 குண்டுப் போட்டி முடிவதற்குள் ஒரு முறையாவது மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம். ஆயிரத்துக்கு ஒன்று என்று இறங்கினால்தான் அது 6 சதவீதத்துக்கு வருகிறது. எனவே இரண்டு தோட்டா வகைகளை ஒப்பிடுவதென்றால் ஆளுக்கு 300-ஆவது சுட வேண்டும். ஒரே நாளில் வேண்டாம். வழக்கமான பயிற்சியிலேயே எண்ணி எழுதிக்கொண்டு வந்தால் போதும். டப்பாவில் அச்சிட்டிருக்கும் லாட் எண்ணையும் (எந்தத் தயாரிப்புத் தொகுப்பு என்று காட்டும் எண்) சேர்த்து எழுதுங்கள். நல்ல லாட் அமைந்தால் அதிலேயே கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

சுடாத தோட்டா பேசும்

'டிக்' வந்தால் பிஸ்டலை இலக்குப் பக்கமே நீட்டி 30 விநாடி காத்திருங்கள். அரிதாகத் தாமதித்து வெடிப்பதும் உண்டு. அப்புறம் தோட்டாவை வெளியே எடுத்து விளிம்பைப் பாருங்கள். நகக்கண் அகலத்துக்கு ஆழமான பள்ளம் பதிந்திருந்தால் ஃபயரிங் பின் தன் வேலையைச் செய்திருக்கிறது, குற்றம் தோட்டாமேல். பள்ளம் இருக்கிறதா இல்லையா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டியிருந்தால் குற்றம் பிஸ்டல்மேல். இரண்டாவது வகையில் நான் முதலில் சந்தேகப்படுவது சேம்பரை. முன்னால் படிந்த கசடு தோட்டாவை முழுதாக உள்ளே போக விடுவதில்லை. விளிம்பு சேம்பர் வாயில் படியாமல் ஒரு மயிரிழை பின்னால் நிற்கிறது. பின் அடிக்கும்போது அடியின் பாதி பலம் தோட்டாவை உள்ளே தள்ளுவதிலேயே போய்விடுகிறது. அதே தோட்டாவை மறுபடி ஏற்றிச் சுட்டால் வெடிக்கும். 'இரண்டாவது அடியில வெடிச்சுது, அப்ப தோட்டாதான் மட்டம்' என்று நாமும் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

சத்தம் 'டிக்' என்று இல்லாமல் 'பொத்' என்று அமுங்கி வந்தால் அது வேறு கதை. அடுத்த டிரிகரை எந்தக் காரணத்துக்காகவும் இழுக்காதீர்கள். குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். தோட்டாக்களை எல்லாம் எடுத்துவிட்டுப் பேரலைப் பார்க்காமல் மேலே போகக் கூடாது.

துடைப்பு: மூன்று கட்சிகள்

முதல் கட்சி, சுட்ட அன்றே பேரல் உட்பட எல்லாவற்றையும் பளபளவென்று ஆக்கிவிட வேண்டும் என்பவர்கள். இரண்டாம் கட்சி, மக்கர் பண்ணும் வரை கை வைக்காதே என்பவர்கள். இரண்டிலும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள். நான் மூன்றாவது: அழுக்கு எங்கே தொந்தரவு செய்கிறதோ அங்கே மட்டும், ஆனால் தவறாமல்.

பேரலில் அழுக்கு அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. மெழுகு பூசிய மென்மையான ஈயம் பேரலைத் தேய்ப்பதே அபூர்வம். பேரல் கெடுவது பெரும்பாலும் துடைப்பவர் கையால்தான்: முன்வாயிலிருந்து கம்பியை விட்டு ஆட்டும்போது வாயின் ஓரம் தேய்ந்து, குண்டு வெளியேறும் கடைசிக் கணத்தில் கோணலாகத் தள்ளப்படும். அதுவுமில்லாமல் நன்றாகத் துடைத்த பேரலுக்குள் மெழுகு மறுபடி படிய ஒன்றிரண்டு டஜன் குண்டாவது வேண்டும். அதுவரை குண்டுகள் கொஞ்சம் சிதறும். ஒரு தோட்டா வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதும் இதே கதைதான். முதல் இருபது குண்டை வைத்துப் புது வகையை எடை போடாதீர்கள்.

எனவே பேரலுக்கு நான் ஆயிரம் குண்டுக்கொரு முறை, பின்பக்கமிருந்து இழுக்கும் கயிற்றுத் துடைப்பானை ஓரிரு தரம் இழுப்பதோடு சரி. பின்பக்கம் வழி எளிதில் கிடைக்காத பிஸ்டல்களுக்கு இந்தக் கயிறு இன்னும் வசதி. தாமிரத்தைக் கரைக்கும் அமோனியா திரவங்கள் ஈயக் குண்டுக்குத் தேவையே இல்லை.

சேம்பர் அப்படியில்லை. மெழுகும் கரியும் ஈயத்தூளும் சேர்ந்து சூட்டில் இறுகி, தோட்டாவின் கூடு முடியும் இடத்துக்கு முன்னால் ஒரு வளையமாகப் படியும். நாலு நாள் விட்டால் பீங்கான் மாதிரி கெட்டியாகிவிடும். நான் செய்வது இதுதான்: மேகசினைக் கழற்றி, சேம்பரைக் கண்ணாலும் விரல்நுனியாலும் பார்த்து காலிதான் என்று உறுதிசெய்துகொண்டு, .22 வெண்கல பிரஷில் கசடைக் கரைக்கும் சால்வென்ட் ஒரு சொட்டு விட்டு, சேம்பருக்குள் ஏழெட்டுச் சுற்று திருகுவேன். ஐந்து நிமிடம் ஊற விட்டு, உலர்ந்த துணியால் துடைத்து எடுத்தால் துணியில் மோதிரம் போலக் கறுப்பு வட்டம் வந்திருக்கும். அதைப் பார்ப்பதில் ஓர் அற்பத் திருப்தி உண்டு.

அப்புறம் போல்ட் முகம். பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். காலிக் கூட்டைக் கவ்வி இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கிக்கு அடியில் கரி அப்பியிருக்கும்; மரக் குச்சியால் நோண்டி எடுங்கள். அங்கே ஒரு கடுகளவு கரி இருந்தாலும் கொக்கி விளிம்பைச் சரியாகக் கவ்வாது, காலிக் கூடு சேம்பரிலேயே தங்கிவிடும். மேகசினை உலர்துணியால் துடைத்தால் போதும், எண்ணெய் கூடாது. எண்ணெய் கசிந்து தோட்டாவுக்குள் இறங்கினால் பற்றவைக்கும் மருந்தே செத்துப்போகலாம்.

எண்ணெய் விஷயத்தில் நானே சூடு பட்டவன். ஒரு போட்டிக்கு முந்தின நாள் இரவு, எதற்கும் இருக்கட்டும் என்று போல்ட், ஃபயரிங் பின் வழி, ஸ்பிரிங் எல்லாவற்றிலும் எண்ணெய் விட்டு ஊற வைத்தேன். மறுநாள் நாற்பது குண்டு வரை வெண்ணெய் மாதிரி ஓடியது. அதற்குள் எண்ணெயும் புகைக்கரியும் குழைந்து மை மாதிரி ஆகிவிட்டது. காலையில் குளிர் வேறு. போல்ட் முன்னால் வரும்போது சோம்பேறித்தனமாக, கடைசி மில்லிமீட்டருக்கு முன் நின்றது. கட்டை விரலால் தள்ளித் தள்ளித்தான் மீதிக் குண்டுகளைச் சுட்டு முடித்தேன். இப்போது போல்ட் ஓடும் தண்டவாளத்தில் பக்கத்துக்கு ஒரு சொட்டு, அதையும் விரலால் தடவிப் பரப்பிவிடுவதோடு சரி. ஃபயரிங் பின் வழி உலர்ந்தே இருக்கும்.

தோட்டா இல்லாமல் டிரிகரை இழுத்துப் பழகுகிறவர்கள் தங்கள் பிஸ்டலின் கையேட்டை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. சில பிஸ்டல்களில் ஃபயரிங் பின் சேம்பரின் ஓரத்தில் நேராகப் போய் இடிக்கும். நாளடைவில் அங்கே ஒரு பிசிறு கிளம்பி, தோட்டா ஏறுவதையும் கூடு வெளிவருவதையும் மறிக்கும். எந்த பிரஷும் அதைச் சரிசெய்யாது. டம்மித் தோட்டா ஒன்று போட்டுக்கொண்டால் தீர்ந்தது.

துடைத்த துணியைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். குண்டு ஈயம், பெரும்பாலான தோட்டாக்களில் பற்றவைக்கும் மருந்திலும் ஈயம். கையைக் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் வாய்க்கு எதுவும்.

இன்னொன்று பாக்கி. தோட்டாவையும் மாற்றியாயிற்று, சேம்பரும் சுத்தம், அப்படியும் நிற்கிறது என்றால் மேகசினைப் பாருங்கள். என்னுடைய மூன்று மேகசின்களின் அடியிலும் மார்க்கரால் 1, 2, 3 என்று எழுதி வைத்திருக்கிறேன். எழுதிய இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது, ஜாம் எல்லாம் 2-ல்தான் வந்துகொண்டிருந்தது. தோட்டா வெளிவரும் அதன் வாய் உதட்டில் ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமல் ஒரு வளைவு. அதைக் கண்டுபிடிப்பதற்கு முன் மூன்று வகைத் தோட்டாக்களுக்கு மட்டம் என்று பெயர் வைத்துவிட்டிருந்தேன்.